7. முகப்புத் திரையில் எதற்கு முதல் இடம்?

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினத்தில் 1990-களின் இறுதியிலேயே மீனவர்களுக்கு ஒரு டேஷ்போர்டு இருந்தது. அதற்குத் திரை மட்டும் கிடையாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்த அறிவு மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான் செய்தி. வலையைச் சரிபார்த்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்ளலாம்.

அதே நிறுவனம் 2007-இல் குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்ற கைப்பேசிச் சேவையைத் தொடங்கியது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், தரும் தகவல்கள் அதில் வந்தன. பின்னாளில் ஆண்ட்ராய்டுக்கு மாறியபோது அலை, காற்று, நீரோட்டம், மீன் கூடும் இடம், சந்தை விலை, எல்லை எச்சரிக்கை, அவசர அழைப்பு, அரசுத் திட்டங்கள் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கேட்டு, தேவை இருந்து சேர்ந்ததுதான். எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தகவல் பல மடங்காகப் பெருகியபோதும் திரை உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டது. இந்த நெருக்கடியில் முகப்புத் திரைக்கு எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கோவளத்திலிருந்து நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். உங்கள் செயலி பால் கணக்குக்கானதாகவோ பள்ளி வருகைப் பதிவுக்கானதாகவோ இருக்கலாம், பரவாயில்லை. இங்கே இருட்டு, வெயில், ஈரக்கை, சிக்னல் இல்லாமை நான்கும் ஒரே நாளில் வரும் என்பதால் அமைப்பின் ஓட்டைகள் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் டேஷ்போர்டை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். சர்வரில் என்னென்ன தகவல் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அதைத் திரையில் எப்படி அடுக்கலாம் என்று பார்க்கிறார்கள். பயன்படுத்துகிறவர் பட்டியலோடு வருவதில்லை, ஒரு கேள்வியோடு வருகிறார். அதிகாலை மூன்று மணிக்குப் படகைத் தள்ளுவதற்கு முன் அவர் மனதில் இருப்பது, "இன்னைக்குத் தொழிலுக்குப் போகலாமா?" என்பது. சந்தை விலை அப்போது அவருக்கு வேண்டாம். விலை அவர் வலையோடு திரும்பி வந்து, கரையில் ஏலம் கூவும்போது வேண்டும். அரசுத் திட்ட விவரம் எப்போதாவது ஒருமுறை, அதுவும் பகலில், அநேகமாக வீட்டில் படிக்கும் பிள்ளையின் உதவியோடு.

இப்படி ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே எப்போது, எங்கே, எந்தக் கையால் என்று எழுதிப் பாருங்கள். பாதித் தகவல் முகப்புத் திரையிலிருந்து தானாக இறங்கிவிடும்.

கேள்வி ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ராமேஸ்வரத்துப் படகுக்கு, 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்ட இலங்கைக் கடல் எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது உயிர்க் கேள்வி. அது திரையின் உச்சியில் இருந்தாக வேண்டும். தேவனேரியிலிருந்து விடியலில் போய் மதியத்துக்குள் திரும்பும் படகுக்கு அந்த எல்லை வெகு தொலைவு. அதே அட்டையை இங்கேயும் முதல் இடத்தில் வைத்தால் தினமும் ஒரு விரல் தள்ளு வீண். அதனால் செயலியை முதன்முதலில் திறக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்க் கரை? அந்த விடையிலிருந்து வரிசையை நீங்களே முடிவு செய்யுங்கள். "உங்கள் டேஷ்போர்டை நீங்களே வடிவமைத்துக்கொள்ளுங்கள்" என்று இழுத்து வைக்கும் வசதியைக் கொடுப்பது தாராளம் போலத் தெரியும். என் கணிப்பில் அது நம் வேலையை அவர் தலையில் கட்டுவது.

எந்த அமைப்பு?

நடைமுறையில் நான்கு அமைப்புகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐகான் கட்டங்கள், மேலிருந்து கீழாக அட்டைகள், திரை முழுக்க வரைபடம், ஒரே பெரிய விடை.

கட்டம் செய்ய எளிது. புதிய சேவை வந்தால் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். அரசு, தொண்டு நிறுவனச் செயலிகளில் அது நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் கட்டம் எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை. அலை என்ற படத்தைத் தொட்டால்தான் அலை தெரியும், திரும்பி வந்து காற்றைத் தொட்டால்தான் காற்று தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்னும்போது கட்டம் அவற்றைப் பிரித்து வைக்கிறது. கட்டத்தை இரண்டாம் திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திட்டங்கள், தொலைபேசி எண்கள், விலை எல்லாம் அங்கே சுகமாக இருக்கும்.

வரைபடம் கண்ணைப் பறிக்கும். முதலீட்டாளர் கூட்டத்தில் கைதட்டு வாங்குவதும் அதுதான். ஆனால் கரையில் நிற்பவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். சிக்னல் குறைந்தால் முதலில் காலியாகும் பகுதியும் வரைபடமே. அதன் இடம் கடலில். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே விடை என்பது வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் வழி. அதற்கு அறிவியல் அடிப்படையும் இருக்கிறது. இன்காய்ஸ் சிறு படகுகளுக்கென்று தரும் ஆலோசனைச் சேவை, அலையின் உயரத்தோடு நிற்காமல் அதன் செங்குத்துத் தன்மை, எத்தனை திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு வேகமாக எழுகிறது என்பவற்றைச் சேர்த்து ஒரு பாதுகாப்புக் குறியீடு ஆக்குகிறது. உயரம் குறைந்த அலையும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வந்தால் படகைக் கவிழ்க்கும் என்பதால் இந்தச் சேர்க்கை தேவைப்படுகிறது. இதைத் திரையில் ஒரு சொல்லாக்கிவிடலாமே என்று தோன்றும்.

இங்கே ஒரு கண்டிப்பு. "போகலாம்" என்றோ "பாதுகாப்பானது" என்றோ செயலி எழுதக் கூடாது. அதிகாரப்பூர்வ எச்சரிக்கை இருந்தால் "போகக் கூடாது" என்று பெரிதாக, யார் விடுத்தது என்பதோடு எழுதுங்கள். இல்லையென்றால் "எச்சரிக்கை இல்லை" என்று மட்டும் எழுதி, கீழே எண்களைக் கொடுங்கள். முடிவு படகுக்காரருடையது. திறந்த கரையில் அலையைக் கிழித்துக்கொண்டு படகை ஏற்றி இறக்குகிறவருக்கு, அந்த இடத்தில் மண் எப்படி மாறியிருக்கிறது, பக்கத்தில் கட்டிய தூண்டில் வளைவால் அலை எங்கே உடைகிறது என்பதெல்லாம் தெரியும், முன்னறிவிப்புக்குத் தெரியாது.

ஆக நம் தேர்வு ஒரு கலவை: உச்சியில் ஒற்றை விடைப் பட்டை, அதன் கீழே இரண்டே அட்டைகள். விரலால் தள்ளாமல் தெரிய வேண்டியவை அவ்வளவுதான். மூன்றாவது அட்டையின் தலை மட்டும் திரையின் அடியில் எட்டிப் பார்க்கட்டும். கீழே இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுவே போதிய குறிப்பு.

முதல் அட்டை நேர வரிசை. சாதாரண ஆண்ட்ராய்டு போனின் அகலம் 360 டிபி என்று வைத்துக்கொண்டால், இரு ஓரமும் 16 விட்டு மீதி 328. அதில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு பத்திகள், ஒவ்வொன்றும் 82 டிபி: அதிகாலை 3, 6, 9, பகல் 12. ஒவ்வொன்றிலும் அலை உயரம் பெரிதாக, காற்று வேகம் கொஞ்சம் சிறிதாக. போய்த் திரும்பும் பயணம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. ஏழு நாள் வானிலை வேண்டுமென்பவர் தொட்டு உள்ளே போகட்டும்.

இரண்டாவது அட்டை திசை. இதில்தான் நல்ல வடிவமைப்பாளர்களும் சறுக்குகிறார்கள். காற்றுக்கு அது வரும் திசையின் பெயர்; வடக்கிலிருந்து வந்தால் வாடை. நீரோட்டத்துக்கோ கடலியலாளர்கள் அது போகும் திசையைச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி அம்புக்குறி போட்டு அருகருகே வைத்தால், "வடக்கு" என்ற ஒரே சொல்லுக்கு எதிரெதிர் பொருள் வந்துவிடும். எழுத்தை நம்பாதீர்கள். இந்தக் கரையை ஒரு கோடாக வரைந்து, வலப்பக்கம் கடலைப் போட்டு, இரண்டு அம்பும் எதை நோக்கிப் போகிறதோ அதையே காட்டட்டும். காற்று அம்பு ஒல்லி, நீரோட்ட அம்பு தடிமன். கரைக்கோடு இருந்தால் கரையை நோக்கி அடிக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்பது கேட்காமலே புரியும்.

கடலில் வேறு திரை

படகு கரையை விட்டதும் கேள்வி மாறுகிறது. எங்கே இருக்கிறேன், கரை எந்தப் பக்கம், மீன் இருக்கும் என்று சொன்ன இடம் இன்னும் எவ்வளவு தூரம்? இப்போது வரைபடத்துக்கு வேலை வந்துவிட்டது. சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் கரைக்கோடும் அன்றைய தகவலும் போனிலேயே சேமித்திருக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை என்பதால் இருப்பிடம் காட்டுவதில் சிக்கல் இல்லை.

தானாகத் திரை மாறட்டும் என்று நினைக்கத் தோன்றும். நான் எதிர்க்கிறேன். பழகிய இடத்தைக் கண் தேடும்போது அங்கே வேறொன்று இருந்தால் எரிச்சல் வரும், கடலில் எரிச்சலோடு அது நிற்காது. கீழ்ப்பட்டையில் 'கரை', 'கடல்', 'மற்றவை' என்று மூன்றே பொத்தான். இடம் ஒருபோதும் மாறாது. கரையை விட்டு விலகியது தெரிந்தால் 'கடல்' பொத்தான் மேல் ஒரு புள்ளி காட்டினால் போதும்.

பொத்தான் அளவுக்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சம் 48 டிபி, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அது உலர்ந்த விரலுக்கு. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போனை, உப்புத் தண்ணீர் சொட்டும் கட்டைவிரலால் ஆடும் படகில் தொடுகிறவருக்கு 64-க்குக் குறையாமல் வையுங்கள். தொடுதிரையில் தண்ணீர்த் துளியே விரல் போல வேலை செய்யும். ஆகவே அவசர அழைப்பை ஒற்றைத் தொடுதலில் வைக்காமல் மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வைப்பது நல்லது. பிடித்திருக்கும்போது வட்டம் நிரம்பிவருவது தெரிய வேண்டும்.

அந்தப் பொத்தான் பொய் சொல்லக் கூடாது என்பது இன்னும் முக்கியம். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்ற எண்கள் இருக்கின்றன. சிக்னல் இருந்தால்தான் இரண்டும் பயன்படும். சிக்னல் இல்லாதபோதும் பொத்தான் சிவப்பாகப் பளபளத்துக்கொண்டு "அனுப்பப்படுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருந்தால், உதவி வருகிறது என்று நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார். "சிக்னல் இல்லை. விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள்" என்று உடனே எழுத வேண்டும்.

வெயிலுக்கு: எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு என்பது இணைய அணுகல் விதி. உச்சிவெயிலில் அது போதாது. 7:1-க்கு மேலே போங்கள், கறுப்பும் வெள்ளையும் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். மென்சாம்பல் எழுத்து அலுவலக ஏசி அறையில்தான் அழகு. விடியலுக்கு முன் மட்டும் இருண்ட பின்புலம்; இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளைத் திரை அடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்குக் கடல் தெரியாது.

அலகையும் பாருங்கள். மீன் கூடும் இடத்துக்கான இன்காய்ஸ் அறிக்கை ஆழத்தை மீட்டரில் தருகிறது. படகில் பேசுவது பாகம். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். மாற்றுவது ஒரு வரி நிரல். அதைச் செய்யாமல் ஒவ்வொரு நாளும் அவரை மனக்கணக்குப் போட வைக்க வேண்டாம்.

தமிழ் எழுத்து கேட்கும் இடம்

மூன்று பத்திக் கட்டத்தில், இடைவெளிகள் போக, ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 104 டிபி. 'மீன்வளம் மிகுந்த பகுதி' அதில் ஒரு வரியில் அடங்காது. உடனே மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுகிறார்கள். தமிழில் இது வெறும் அழகுக் குறை இல்லை. நம் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில்தான் வரும். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல…" என்று வெட்டிய அறிவிப்பு, செல்லலாமா வேண்டாமா? எச்சரிக்கைப் பட்டையில் வெட்டுவதையே தடை செய்யுங்கள்; மூன்று வரி ஆனாலும் ஆகட்டும். இன்னும் நல்லது, முடிவை முன்னால் கொண்டுவருவது: "போக வேண்டாம்" என்பது பெரிய எழுத்தில் தனி வரி, காரணம் அடுத்த வரி.

வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்கள் போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். உங்கள் திரையை அந்த அளவில் ஒருமுறை திறந்து பாருங்கள். பாதிச் செயலிகள் அங்கேயே உடையும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வானிலைத் துறையின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாருக்கும் பழகிவிட்டது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் உண்டு, வெயிலில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகிவிடும். நிறத்தோடு சொல்லும் வடிவமும் சேரட்டும். புயல் கூண்டு எண்ணைப் போடலாமா என்று கேட்பார்கள். 1 முதல் 11 வரை எல்லோருக்கும் தெரிந்த குறி என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கூண்டு துறைமுகங்களுக்கானது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் மாமல்லபுரத்துக்கு எந்தத் துறைமுகத்தின் எண்? போடுவதானால் துறைமுகத்தின் பெயரோடு, உள்திரையில்.

தகவல் இல்லாத நாள்

வடிவமைப்புப் படங்களில் எல்லா அட்டைகளும் நிரம்பியிருக்கும். நிஜத்தில் அப்படி இருப்பதில்லை. மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் எடுக்கும் கடல் வெப்பநிலை, பச்சையப் படங்களிலிருந்து கணிக்கிறார்கள். மேகம் மூடினால் படம் இல்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் இந்த அறிக்கை வருவதில்லை. தடை விசைப்படகுகளுக்குத்தான், இந்தக் கரையின் பைபர் படகுகள் அப்போதும் தொழிலுக்குப் போகும். அதாவது ஆண்டில் இரண்டு மாதம், பயன்படுத்துகிறவர் இருக்கிறார், அட்டை காலி.

காலி அட்டையில் சுழலும் வட்டத்தை விட்டுவைக்காதீர்கள். "மேகம், இன்று அறிக்கை இல்லை", "தடைக்காலம், ஜூன் 14-க்குப் பின்" என்று காரணம் எழுதி அட்டையை ஒரு வரியாகச் சுருக்கிவிடுங்கள். நேற்றைய தகவலை இன்றையது போலக் காட்டுவது எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "நேற்று மாலை 5 மணித் தகவல்" என்பதுபோல நேரம் இருக்கட்டும். மணி கடந்ததும் எண் மங்க வேண்டும், ஒரு வரம்புக்கு மேல் மறைந்தே போக வேண்டும்.

புயல் வரும்போது

2022 டிசம்பர் 9 இரவு 10.30 மணிக்கும் மறுநாள் அதிகாலை 1.30 மணிக்கும் இடையே மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், இடையிடையே 85. அதற்கு முன் 8-ஆம் தேதி அது தீவிரப் புயலாக இருந்து, கரையை நெருங்கும்போது வலுக்குறைந்து புயலாகியிருந்தது.

அன்று நம் டேஷ்போர்டு இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வகைப்பாட்டை மட்டும் எடுத்து, ஏற்ற இறக்கத்துக்கு அம்புக்குறி போடும் வழக்கமான அட்டையானால், 9-ஆம் தேதி கீழ்நோக்கிய அம்பு வந்திருக்கும். வலுக்குறைவது நல்ல செய்தி என்று நிறம் கொடுத்திருந்தால் பச்சை நிறத்தில்கூட. தொலைவில் தீவிரமாக இருந்தது வலுக்குறைந்து நம் ஊர் மேலேயே வருகிறது. அம்பு ஆறுதல் சொல்கிறது. புயல் அட்டைக்கு ஏற்ற இறக்க அம்பே வேண்டாம். எவ்வளவு தூரத்தில், எப்போது, எந்த ஊர் அருகே என்ற மூன்றும் போதும்.

அன்றைய கேள்வியும் வேறு. போகலாமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. படகை எவ்வளவு மேலே இழுத்துக் கட்டுவது, வலையையும் எஞ்சினையும் எத்தனை மணிக்குள் கரையிலிருந்து எடுப்பது, குழந்தைகளை எந்த முகாமுக்கு அனுப்புவது? ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் நேர வரிசை அட்டையும் திசை அட்டையும் முதல் இடத்தை விட்டுக்கொடுத்து, இந்த மூன்றுக்கும் விடை மேலே வர வேண்டும். திரை தானாக மாறக் கூடாது என்று முன்னால் சொன்னதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே விலக்கு இது.

காகிதத்தில் சோதனை

நிரல் எழுதுவதற்கு முன் மூன்று அமைப்புகளைப் போன் அளவில் அச்செடுங்கள். காலை ஏலம் முடிந்து, வலை பிரிக்கும் நேரத்தில் கரைக்குப் போங்கள்; ஏல நேரத்தில் போனால் விரட்டிவிடுவார்கள், அது நியாயம்தான். "நல்லா இருக்காண்ணே?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான்பா இருக்கு" என்ற மரியாதைதான் கிடைக்கும். தாளைக் கையில் கொடுத்து, "அண்ணே, நாளைக்கு விடியக்காலம் தொழிலுக்குப் போகலாமான்னு இதப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கண் முதலில் எங்கே போகிறது, விரல் எதைத் தடவுகிறது, எதை வாய்விட்டுப் படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளை மடக்கி வைத்துவிட்டு அலை எவ்வளவு போட்டிருந்தது என்று கேளுங்கள். நினைவில் நிற்காத எண் சரியான இடத்தில் இல்லை.

கரையில் கட்டாயம் ஒருவர் இருப்பார்: "எனக்கு இதெல்லாம் வேணாம்பா, கடலப் பாத்தாலே தெரியும்." அவரை விட்டுவிடாதீர்கள். கடலைப் பார்த்ததும் முதலில் எதைப் பார்ப்பார், அடுத்து எதை என்று அவரிடம் கேளுங்கள். மேகமோ, அலை உடையும் இடமோ, தண்ணீரின் நிறமோ, அவர் சொல்லும் வரிசையை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, உங்கள் அட்டைகளின் வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகிறதோ அங்கிருந்து அடுத்த வரைவைத் தொடங்குங்கள்.